கடலோரக் களப்பயிற்சி: கடல் உயிரியல் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகங்கள் கடலோர ஆய்வு நிலையங்களில் நடத்தும் களப்பயிற்சி பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம்தான். அதிலும் கரையில் இறங்கி வேலை செய்யக் கிடைப்பது ஒரு வற்றத்துக்கு, அதாவது கடல்நீர் ஒரு முறை இறங்கி நிற்பதற்கு, மூன்று, நான்கு மணி நேரம். முதல் முறை வருகிற மாணவர்கள் தடுமாறுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பாடம் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. அறையிலேயே முடித்திருக்க வேண்டிய வேலையைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்யப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

அதனால் இந்த வழிகாட்டியில் வேலைகளின் வரிசைக்குத்தான் முதலிடம். எடுத்துக்காட்டுக்குப் பாறைக் கரையில் ஏற்ற எல்லைக்கும் வற்ற எல்லைக்கும் நடுவே வாழும் உயிர்களைக் கணக்கெடுக்கும் வேலையை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான பயிற்சிகள் அங்கேதான் தொடங்குகின்றன.

1. விண்ணப்பிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் கேள்வி: பயிற்சியில் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஒரு சிறு ஆய்வு உண்டா, அல்லது ஆசிரியர் காட்டுவதைப் பார்த்துக் குறிப்பெடுப்பதோடு சரியா? சொந்த ஆய்வு இருக்கும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். கேள்வி கேட்பது, அளப்பது, தவறைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதில்தான் கைவரும்.

அடுத்தது, நீச்சலோ முக்குளிப்புச் சான்றிதழோ தேவையா, மருத்துவச் சான்று கேட்பார்களா, காப்பீடு யார் பொறுப்பு என்பவை. மாதிரி சேகரிக்க அனுமதி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். பல கரைகள் பாதுகாக்கப்பட்டவை. அனுமதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் ஆய்வையே மாற்ற வேண்டி வரும்.

2. கிளம்பும் முன் உலர்ந்த தரையில் பழகுங்கள்

குவாட்ராட் என்பது உயிர்களைக் கணக்கெடுக்கத் தரைமேல் வைக்கும் ஒரு சதுரச் சட்டம், அவ்வளவுதான். 50 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவில் ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்தையும் பத்தாகப் பிரித்து நூல் கட்டினால் 100 சிறு கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டம் ஒரு சதவீதம்.

அதைப் புல்தரையில் வைத்து, களைச்செடிகள் எத்தனை சதவீதப் பரப்பை மூடியிருக்கின்றன என்று மதிப்பிடுங்கள். நண்பரையும் அதே சட்டத்தைத் தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் 40 என்பீர்கள், அவர் 60 என்பார். இருவர் எண்களும் நெருங்கி வரும்வரை பழகுங்கள். இதைச் செய்யாமல் கரைக்குப் போனால், இரண்டு இடங்களுக்கு இடையே நீங்கள் காணும் வித்தியாசம் உண்மையில் இரண்டு ஆட்களுக்கு இடையேயான வித்தியாசமாக இருக்கும்.

அப்புறம், சராசரி, திட்ட விலக்கம், வரைபடம் போடுவது ஆகியவற்றை நீங்கள் பயன்படுத்தப் போகும் மென்பொருளில் ஒரு முறையாவது செய்து பார்த்துவிடுங்கள். இணைய இணைப்பு ஒழுங்காகக் கிடைக்காத நிலையங்களும் உண்டு. மென்பொருளையும் உயிரினக் கையேடுகளையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஓத அட்டவணையை வைத்து நாளை வகுத்துக்கொள்ளுங்கள்

ஓத அட்டவணை என்பது கடல்நீர் எப்போது, எவ்வளவு ஏறி இறங்கும் என்ற கணிப்பு. அதைப் பார்ப்பதை வேறு யாரிடமும் விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் நேரம் சொன்னாலும் நீங்களே ஒரு முறை அட்டவணையைப் படித்துச் சரிபாருங்கள்.

பெரும்பாலான கரைகளில் சுமார் 24 மணி 50 நிமிடத்தில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும். சில கரைகளில் நாளுக்கு ஒன்றுதான். அந்த 50 நிமிடம் முக்கியம். இன்று காலை 6:00 மணிக்கு வற்றம் என்றால் நாளை ஏறத்தாழ 6:50, மறுநாள் 7:40. உங்கள் சாப்பாடு, தூக்கம், வகுப்பு எல்லாம் இதோடு சேர்ந்து நகர வேண்டும்.

நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு உயரத்தைப் பார்க்காமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. 0.3 மீட்டர் வற்றமும் 1.1 மீட்டர் வற்றமும் ஒன்றாகுமா? 1.1 மீட்டர் வற்றம் உள்ள நாளில் கரையின் அடிப்பகுதி தண்ணீரை விட்டு வெளியே வரவே வராது. அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்துத் தண்ணீர் மிகக் கீழே இறங்கும். அடிப்பகுதி வேலைகளை அந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள். அரைநிலவு நாட்களை ஒட்டி இறக்கம் குறைவு. அப்போது கரையின் மேல்பகுதி வேலையையும் ஆய்வக வேலையையும் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறி இறங்குவதில்லை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 3 மீட்டர் வித்தியாசம் இருக்கும் கரையில், வற்றத்துக்குப் பின் முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுவது சுமார் 25 செ.மீ. இரண்டாவது மணியில் 50 செ.மீ. மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 75 செ.மீ. பிறகு மறுபடி 50, 25. முதல் மணி நேரத்தில் மெல்ல வருவதைப் பார்த்து “இன்னும் நேரம் இருக்கிறது” என்று நினைப்பவர்களை மூன்றாவது மணி நேரம் பிடித்துவிடும்.

இனி திட்டம். வற்றம் காலை 8:30 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 6:15 மணிக்குக் கரையில் இருங்கள். மேல்மட்டத்தில் தொடங்கி, இறங்கும் தண்ணீரின் பின்னாலேயே கீழே வாருங்கள். 8:00 மணி முதல் 8:50 வரை மிகக் கீழ்மட்டத்தில் வேலை. 9:30 மணிக்கு எல்லோரும் திரும்ப வேண்டும். வற்ற நேரத்துக்குத்தான் கரைக்கே வந்து சேர்ந்தால், இறங்குகிற தண்ணீர் தந்திருக்கும் இரண்டு மணி நேரத்தை இழந்துவிடுவீர்கள். தாமதமாகிவிட்டால் நேராகக் கீழ்மட்டத்துக்குப் போய்விடுங்கள். மேல்மட்டத்தைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

அட்டவணையில் உள்ளது கணிப்புதான். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு செ.மீ. உயரும். கரையை நோக்கி வீசும் பலத்த காற்று தண்ணீரை மேலும் தள்ளி நிறுத்தும். அட்டவணையின் நேரம் உள்ளூர் நேரமா, கோடைக்கால மாற்றம் சேர்க்கப்பட்டதா என்பதையும் பாருங்கள். ஒரு மணி நேரத் தவறு ஒரு நாள் வேலையைத் தின்றுவிடும்.

4. கேள்வியை அறையிலேயே முடிவு செய்யுங்கள்

“இந்தக் கரையில் என்னென்ன இருக்கின்றன?” என்பது ஆர்வம். அதை வைத்து ஒரு வாரத்தில் எதையும் முடிக்க முடியாது. “மேலிருந்து கீழே போகப்போக லிம்பெட்டின் ஓட்டு நீளம் மாறுகிறதா?” என்பது கேள்வி. எதை அளக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். லிம்பெட் என்பது பாறையில் கவிழ்த்த கூம்பு போல ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தை வகை. ஏராளமாக இருக்கும், ஓடாது, அளக்க எளிது. முதல் ஆய்வுக்கு இப்படிப்பட்ட உயிரைத்தான் நான் பரிந்துரைப்பேன். அழகான, அரிதான உயிரைத் தேர்ந்தெடுத்தவர்கள் வார முடிவில் நான்கு எண்களோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அலை மோதும் கரையையும் அலை குறைந்த கரையையும் ஒப்பிடப் போகிறீர்களா? அப்படியானால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கரைகள் வேண்டும். ஒரே கரையில் 30 சட்டங்கள் வைத்தாலும் அது ஒரு கரைதான். அங்கே காணும் வித்தியாசம் அலையால் வந்ததா, பாறையின் வகையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

கேள்வி முடிவானதும் தரவுத்தாளை வரைந்து, போலி எண்களை நிரப்பி, வரைபடம் வரை போய்ப் பாருங்கள். எந்த நெடுவரிசை விடுபட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

5. பையில் இருக்க வேண்டியவை

வழுக்காத அடிப்பாகமுள்ள மூடிய காலணி, கையுறை, தொப்பி, குடிநீர், முதலுதவிப் பெட்டி. நீர்புகாத் தாளும் பென்சிலும் கட்டாயம். பேனா மை ஈரத்தில் கரையும், எரிச்சாராயத்திலும் கரையும். பென்சிலை ஒரு நூலில் கட்டிப் பலகையோடு இணைத்துவிடுங்கள்.

அளவு நாடா, குவாட்ராட், வெர்னியர் காலிப்பர், கைலென்ஸ், வெப்பமானி, உப்புத்தன்மை பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர். இந்தக் கடைசிக் கருவியை ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்துங்கள். திறந்த கடலில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு இருக்கும். உங்கள் அளவு அதிலிருந்து வெகுவாக விலகினால் ஆற்று நீர் கலக்கிறதா, பாறைக் குட்டை வெயிலில் வற்றியிருக்கிறதா, அல்லது கருவிதான் தவறா என்று பாருங்கள்.

6. கரையில் இறங்கும் முன் பாதுகாப்பு

தனியாகப் போகாதீர்கள். திரும்பும் நேரத்தை அறிவிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் சொன்னதும் பாதிச் சட்டத்தில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வராது. உங்களுக்கும் கரைக்கும் நடுவே ஒரு தாழ்வான வாய்க்கால் இருந்தால் அதுவே முதலில் நிரம்பி வழியை அடைக்கும். இறங்கும்போதே திரும்பும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து வேலை செய்யும்போது கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

பெயர் தெரியாத எதையும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். வெப்பக் கடல்களில் கூம்புச் சங்கு, கல்மீன், நீலவளையப் பேய்க்கணவாய் ஆகியவை ஆளைக் கொல்லும் நஞ்சுள்ளவை. கூம்புச் சங்கை வெற்று ஓடு என்று நினைத்துச் சட்டைப்பையில் போடுவது உண்மையில் நடக்கிற தவறு. கல்மீனோ திருக்கையோ குத்தினால், தாங்கக்கூடிய சுடுநீரில், 45 டிகிரி செல்சியசைத் தாண்டாமல், 30 முதல் 90 நிமிடம் வரை அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பது வலியைக் குறைக்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் முதலில் சோதியுங்கள். அதோடு மருத்துவமனைக்கும் கொண்டுபோக வேண்டும். கூம்புச் சங்கும் நீலவளையப் பேய்க்கணவாயும் மூச்சையே நிறுத்தக்கூடியவை. அங்கே சுடுநீரைத் தேடி நேரத்தை வீணாக்காமல் உடனே அவசர உதவியை அழைத்து, அது வரும்வரை மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

7. டிரான்செக்ட் கோட்டைப் போடுங்கள்

டிரான்செக்ட் என்பது கணக்கெடுப்பு நடக்கும் நேர்கோடு. மேல்மட்டத்தில் ஒரு நிலையான அடையாளத்தைத் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து கடலை நோக்கி அளவு நாடாவை நேராக விரியுங்கள். தொடக்கப் புள்ளியைப் படம் எடுத்து, ஜிபிஎஸ் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். நாளை வேறொருவர் அதே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நாடாவில் உள்ள தூரம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். ஏனென்றால் ஒரு உயிர் எத்தனை மணி நேரம் காற்றில் கிடக்கிறது என்பதை உயரம்தான் தீர்மானிக்கிறது. சரிவு குறைந்த கரையில் 10 மீட்டர் நடந்தாலும் உயரம் சில செ.மீ. மட்டுமே மாறியிருக்கலாம்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சம உயரமுள்ள, செ.மீ. குறிக்கப்பட்ட இரண்டு கோல்கள் போதும். ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழே கடல்பக்கமும் செங்குத்தாக நிறுத்துங்கள். மேல் கோலின் பின்னால் நின்று, கீழ்க் கோலின் உச்சியும் அடிவானமும் ஒரே கோட்டில் தெரியும்படி கண்ணை இறக்குங்கள். அந்தப் பார்வைக்கோடு மேல் கோலின் உச்சியிலிருந்து எத்தனை செ.மீ. கீழே வெட்டுகிறதோ, அதுதான் இரண்டு இடங்களுக்கும் உள்ள உயர வித்தியாசம். இப்படிப் படிப்படியாக இறங்கி வந்து, வற்ற நேரத்தில் தண்ணீர் நிற்கும் கோட்டோடு இணைத்துவிடுங்கள். அட்டவணையின் வற்ற உயரத்தை அந்தக் கோட்டுக்குக் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளின் உயரமும் கிடைத்துவிடும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் இது நன்றாகவே பொருந்தும்.

8. குவாட்ராட்டை வைத்து எண்ணுங்கள்

சட்டத்தை எங்கே வைப்பது என்பதைக் கண் முடிவு செய்யக் கூடாது. கண் எப்போதும் உயிர்கள் நிறைந்த இடத்தை நோக்கித்தான் போகும். தோளுக்குப் பின்னால் தூக்கி எறிவதும் சரியல்ல. அது சமவாய்ப்பு ஆகாது, உயிர்களையும் நசுக்கும். சமவாய்ப்பு எண்களை அறையிலேயே உருவாக்கி அச்சிட்டு எடுத்து வாருங்கள். முதல் எண் நாடாவின் வழியே, இரண்டாவது எண் பக்கவாட்டில்.

அந்தப் புள்ளி பாறைக் குட்டைக்குள் விழுந்தால் என்ன செய்வது? வெடிப்பில் விழுந்தால்? இதற்கான விதியை முந்தைய நாளே எழுதிவிடுங்கள். குட்டையில் விழுந்தால் அடுத்த எண்ணுக்குப் போவது என்று வைத்துக்கொண்டால் எல்லோரும் கடைசிவரை அப்படியே செய்ய வேண்டும். கரையில் நின்று விவாதித்தால் ஒவ்வொரு குழுவும் ஒரு முடிவு எடுக்கும்.

தனித்தனியாக நிற்கும் நத்தை, லிம்பெட், கடற்சாமந்தி போன்றவற்றை எண்ணுங்கள். கடல்பாசி, கடற்பஞ்சு, நெருக்கமாக ஒட்டிய கொட்டலசு (பார்னக்கிள்) போன்றவற்றுக்குப் பரப்பின் சதவீதம். ஒரே உயிரை ஒரு சட்டத்தில் எண்ணிவிட்டு அடுத்ததில் சதவீதம் எழுதினால் இரண்டையும் சேர்க்க வழியே இல்லை. சட்டத்தின் விளிம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே இருப்பவற்றுக்கும் விதி உண்டு: இரண்டு பக்கங்களில் இருப்பதைச் சேர்த்துக்கொண்டு, மற்ற இரண்டு பக்கங்களில் இருப்பதை விட்டுவிடுங்கள்.

பாசிப் போர்வையை முதலில் அதன் நிலையிலேயே மதிப்பிட்டு, பிறகு விலக்கி அடியில் உள்ளதைப் பாருங்கள். இரண்டு அடுக்கு இருப்பதால் மொத்தம் 100 சதவீதத்தைத் தாண்டும். அது சரிதான். 100க்குள் அடக்க வேண்டும் என்று எண்களை வெட்டுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு.

தேடியும் கிடைக்காத உயிருக்குச் சுழியம் எழுதுங்கள். பார்க்கவே இல்லை என்றால் ஒரு கோடு போடுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் இரண்டில் எது என்று மாலையில் யாருக்கும் நினைவிருக்காது.

லிம்பெட்டை அளக்க அதைப் பெயர்க்காதீர்கள். பல லிம்பெட் இனங்களின் ஓட்டு விளிம்பு, அது வழக்கமாகத் தங்கும் இடத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளர்ந்திருக்கும். வேறு இடத்தில் வைத்தால் அந்த அடைப்பு பொருந்தாது, வெயிலில் உள்ளிருக்கும் ஈரம் போய்விடும். இருந்த இடத்திலேயே காலிப்பரின் இரு முனைகளையும் ஓட்டின் நீண்ட பக்கத்தில் வைத்து அளந்தால் போதும்.

கல்லைப் புரட்டினால் அதே பக்கம் மேலே இருக்கும்படி மெதுவாகத் திருப்பி வையுங்கள். அடிப்பக்கத்தில் வாழ்பவை வெயிலிலும் மேல்பக்கத்துப் பாசி இருட்டிலும் செத்துப்போகும். ஒரு வகுப்பே நடந்து போன கரையில் கவிழ்ந்து கிடக்கும் கற்களைப் பார்க்க எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

ஒவ்வொரு சட்டத்தையும் நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். தேதி, கோட்டின் எண், சட்டத்தின் எண் எழுதிய சிறு பலகை படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பலகை இல்லாத படங்கள் மாலையில் எல்லாம் ஒரே பாறையாகத்தான் தெரியும்.

9. பெயர் தெரியாத உயிருக்குத் தற்காலிகப் பெயர் கொடுங்கள்

அடையாளம் தெரியவில்லை என்று கரையில் கால் மணி நேரம் கையேட்டைப் புரட்டாதீர்கள். “நத்தை 3, வரியுள்ள ஓடு” என்று எழுதி, அளவுகோலோடு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். குழுவில் எல்லோரும் அதே தற்காலிகப் பெயரைப் பயன்படுத்த வேண்டும். ஆய்வகத்தில் பெயரைக் கண்டுபிடித்ததும் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம்.

இனம் வரை உறுதியாகத் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துங்கள். ஊகித்து எழுதிய இனப்பெயரை விட உறுதியான பேரினப்பெயருக்கு மதிப்பு அதிகம். பழைய கையேடுகளில் பெயர்கள் மாறியிருக்கும். இறுதிப் பெயரை ‘வோர்ம்ஸ்’ என்று அழைக்கப்படும் உலகக் கடல் இனங்கள் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

10. மாதிரி எடுப்பது கடைசி வழி

படமும் அளவும் போதுமானால் உயிரை எடுக்க வேண்டாம். அனுமதியும் தேவையும் இருந்தால் மட்டும், வேண்டிய அளவுக்கு மட்டும் எடுங்கள்.

உயிரோடு கொண்டுபோவதைக் குளிர்ந்த கடல்நீரில், நிழலில் வையுங்கள். நண்டையும் மற்றவற்றையும் ஒரே வாளியில் போட்டால் போய்ச் சேரும்போது நண்டு மட்டும் இருக்கும். பதப்படுத்தும் முன், கடல்நீருக்குச் சமமான செறிவுள்ள மெக்னீசியம் குளோரைடு கரைசலில் உயிரை மயங்க வையுங்கள். இல்லையென்றால் கடற்சாமந்தியும் புழுவும் சுருங்கி, அடையாள உறுப்புகள் உள்ளே போய்விடும்.

டிஎன்ஏ தேவை என்றால் 95 சதவீத எத்தனால். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுக்கும், அமிலத்தன்மையைச் சரிசெய்யாவிட்டால் சுண்ணாம்பு ஓட்டையும் கரைக்கும். எத்தனாலை ஒரு நாள் கழித்து மாற்றுங்கள், உடலிலிருந்து வெளியேறும் நீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். அடையாளச் சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். மூடியில் எழுதினால் மூடிகள் மாறிப்போகும்.

11. அன்று மாலையே தரவைக் கணினியில் ஏற்றுங்கள்

களைப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஒரு தாளில் இருப்பது 1 என்ற எண்ணா, 7 என்ற எண்ணா என்பது இன்று நினைவிருக்கும். நாளை இன்னொரு கரை பார்த்த பிறகு இருக்காது. ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்யட்டும். முடிந்ததும் தட்டச்சு செய்தவர் திரும்பப் படிக்க வேண்டும்.

ஒரு வரிசையில் ஒரு சட்டம், ஒரு உயிர், ஒரு எண். நிறம் பூசுவது, கட்டங்களை இணைப்பது எதுவும் வேண்டாம். மூலக்கோப்பை அப்படியே வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். களத்தாள்களைப் படம் எடுத்து, கோப்போடு சேர்த்து இரண்டு இடங்களில் வையுங்கள்.

அன்றே ஒரு முன்னோட்ட வரைபடமும் போட்டுப் பாருங்கள். 30 மி.மீ. லிம்பெட்டுகளுக்கு நடுவே ஒரு 300 தெரிந்தால், அந்த இடத்துக்குத் திரும்பப் போக நாளைக் காலை வற்றம் இருக்கிறது. அடுத்த வாரம் கண்டுபிடித்தால் அந்த வரிசையை நீக்குவதைத் தவிர வழியில்லை.

12. அறிக்கையில் அளந்ததை மட்டும் சொல்லுங்கள்

கொட்டலசு மேலேயும் மட்டி கீழேயும் இருக்கிறது என்று அளந்திருப்பீர்கள். உடனே “வெயில்தான் காரணம்” என்று எழுதத் தோன்றும். நீங்கள் அளந்தது பரவலை மட்டும்தான். ஸ்காட்லாந்துக் கரையில் சூழலியலாளர் ஜோசப் கானெல் இரண்டு வகைக் கொட்டலசுகளை ஆராய்ந்தபோது, சில கற்களில் ஒரு வகையைத் தொடர்ந்து அகற்றிவிட்டு, மற்றது கீழ்மட்டத்தில் பிழைக்கிறதா என்று பார்த்தார். பிழைத்தது. அதனால்தான் 1961இல் வெளியிட்ட ஆய்வில் அதன் கீழ் எல்லைக்குப் போட்டியே முதன்மைக் காரணம் என்று அவரால் சொல்ல முடிந்தது. அப்படி ஒரு சோதனை உங்களிடம் இல்லாதபோது, இந்தப் பரவல் எந்த விளக்கத்தோடு பொருந்துகிறது, எதைச் சோதித்தால் உறுதியாகும் என்று எழுதுங்கள்.

செய்முறைப் பகுதியில் தேதி, வற்றத்தின் நேரமும் உயரமும், வானிலை, சட்டங்களின் எண்ணிக்கை, குட்டைக்கும் விளிம்புக்கும் வைத்த விதிகள், எத்தனை பேர் எண்ணினார்கள் என்பவை இருக்க வேண்டும். விடுபட்ட சட்டங்களையும் காரணத்தோடு குறிப்பிடுங்கள்.

கிளம்பும் முன் மூலக்கோப்பு, படங்கள், தொடக்கப் புள்ளியின் விவரம் ஆகியவற்றின் ஒரு நகலை ஆய்வு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வரும் குழு அதே கோட்டில் நாடாவை விரித்தால், உங்கள் ஒரு வார வேலை ஒரு நீண்ட தொடரின் முதல் ஆண்டாகிவிடும்.